பேய் வரும் இடத்தைச் சொல்லிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வாசகர்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, மேல்பாதியில் ரசிகர்களின் பேய்ப்பட விமர்சனங்களும் கீழ்ப்பாதியில் நாலுவரிப் பேய்க்கவிதைகளும் வெளியிட்டு வருகிறீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு பாதியையும் ஒரே நோய் பிடித்திருக்கிறது. பயந்துவிட்டேன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எது பயமுறுத்தியது என்று ஒருவரும் எழுதுவதில்லை.

முதலில் விமர்சனம். “ஒளிப்பதிவு அருமை, பி.ஜி.எம். மிரட்டல், செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக், ஒருமுறை பார்க்கலாம்.” படத்தின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு இதைப் படித்தால் எந்தப் பேய்ப்படத்துக்கும் பொருந்தும். அப்படிப் பொருந்துகிற வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். அடித்தபின் எதுவும் மிஞ்சவில்லை என்றால் படத்தை இன்னொருமுறை பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

2009-இல் வந்த இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். ‘ஈரம்’ படத்தில் பயம் தண்ணீர் வழியாக வருகிறது. ‘யாவரும் நலம்’ படத்தில் அந்த ஒரு வீட்டுத் தொலைக்காட்சியில் மட்டும் ஓடும் சீரியல் வழியாக வருகிறது. இரண்டுமே அடுக்குமாடி வீட்டில் நடப்பவை. பாழடைந்த பங்களாவும் இல்லை, சுடுகாடும் இல்லை. தினம் புழங்கும் ஒரு பொருளைச் சந்தேகப்பட வைத்ததுதான் இரண்டின் கெட்டிக்காரத்தனம். இந்தப் படத்தில் பயம் எந்தப் பொருளில் குடியிருக்கிறது? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டால் விமர்சனம் பாதி முடிந்தது. கதையைச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து, திடுக்கிடல் வேறு, பயம் வேறு. மூன்று நான்கு நொடி சத்தமே இல்லாமல் வைத்திருந்து, திடீரென்று பெருஞ்சத்தம் போட்டால் உடம்பு தானாகத் தூக்கிவாரிப் போடும். பூனை குதித்தாலும் போடும், நண்பன் பின்னாலிருந்து தோளில் கை வைத்தாலும் போடும். அது காதுக்கும் நரம்புக்கும் உள்ள கணக்கு. வீட்டுக்கு வந்து விளக்கை அணைக்கும்போது கை ஒரு கணம் தயங்குகிறதே, அதுதான் பயம். விமர்சகர் இரண்டையும் பிரித்து எண்ண வேண்டும். திடுக்கிடல் எத்தனை, அதில் பூனையும் நண்பனும் எத்தனை, அசல் எத்தனை என்று சொன்னால் வாசகருக்கு உபயோகம். போலிகள் அதிகமாகிப் போன படத்தில், அசல் வரும்போதும் ஜனங்கள் பூனையைத்தான் எதிர்பார்ப்பார்கள். இரண்டாம் பாதி ‘லேக்’ ஆவதாக, அதாவது இழுப்பதாக, எல்லாரும் சொல்வதற்கு நீளத்தைவிட இதுவே பெரும்பாலும் காரணம்.

எப்படி எண்ணுவது? செல்போனை வெளியில் எடுக்காதீர்கள். பக்கத்து இருக்கைக்காரரின் இருட்டையும் கெடுப்பீர்கள், உங்கள் கண்ணும் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் பிடிக்கும். சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டும் பென்சிலும் போதும். முனை மேல்நோக்கி இருக்கும்படி பிடித்தால் பேனா எழுதாது, பென்சில் எழுதும். இருட்டில் குனியாமல், பக்கத்துக்கு ஒரே சொல், பெரிய எழுத்தில்: ‘குழாய்’, ‘பூனை’, ‘ஊஞ்சல்’. எழுதியதும் தாளைப் புரட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்று விழும். இடைவேளையில் விளக்குப் போட்டதும் அந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் விளக்கம் எழுதிக்கொள்ளலாம். பாப்கார்ன் வரிசை காத்திருக்கும்.

எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்பதையும் எழுதட்டும். பேய்ப்படத்தில் முக்கால்வாசி வேலை காதில் நடக்கிறது. தமிழில் டி.டி.எஸ். என்ற டிஜிட்டல் ஒலியோடு வந்த முதல் படங்களில் ஒன்றே 1996-இல் வந்த ‘கருப்பு ரோஜா’ என்ற பேய்ப்படம்தான். 5.1 ஒலியில் திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று மூன்று ஒலித்தடம், அரங்கின் சுவர்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, அடித்தொனிக்குத் தனியாக ஒன்று. வசனம் பெரும்பாலும் நடுவில் வரும். காலடிச் சத்தமும் முணுமுணுப்பும் பக்கச் சுவர்களில் நகரும். சுவரோரம் உட்கார்ந்தவருக்கு ஒரு பக்க ஸ்பீக்கர் காதுக்குள்ளேயே கத்தும், மறுபக்கம் கேட்காது. பேய் இடமிருந்து வலம் நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, வரிசையின் நடுவில் உட்கார்வது நல்லது. அது கிடைக்கவில்லை என்றால் கிடைத்த இடத்தை எழுதினால் போதும்.

ஓ.டி.டி.யில் பார்த்து எழுதுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். செல்போன் ஸ்பீக்கரில் அடித்தொனி வராது. திரையரங்கில் நாற்காலியை அதிரவைத்த உறுமல் போனில் காணாமல் போகும். பிறகு “பேக்ரவுண்ட் ஸ்கோர் வீக்” என்று எழுதுவார்கள். இசையமைப்பாளர் பாவம், என்ன செய்வார்? குறைந்தது ஹெட்போன் வேண்டும். டி.வி.யில் பார்ப்பவர் ‘விவிட்’ என்ற பட அமைப்பை மாற்றிவிட வேண்டும், அது வெளிச்சத்தைக் கூட்டி, பல டி.வி.களில் கறுப்பைச் சாம்பலாக்கிக் காட்டும். மூலையில் நிற்கும் உருவம் பத்து நொடி முன்னாலேயே தெரிந்துவிடும். நொடிக்கு 24 சட்டகம் உள்ள படத்தை வழவழவென்று ஓடச் செய்யும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியையும் அணைக்க வேண்டும். அது இருந்தால் எந்தப் படமும் மெகா சீரியல் மாதிரி ஆகிவிடும். சப்டைட்டிலில் ஒலிக் குறிப்பு வரும் வகையும் ஆகாது. கதவு கிறீச்சிடும் முன்பே ‘கதவு கிறீச்சிடுகிறது’ என்று எழுதிக் காட்டிவிடும்.

சான்றிதழ் விஷயத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். ‘ஏ’ வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. வெட்டி, மறுசான்றிதழ் வாங்கித்தான் போடுவார்கள். டி.வி.யில் பார்த்துவிட்டு “பெரிதாக ஒன்றுமில்லை” என்று எழுதுபவர், வெட்டி மிஞ்சியதைப் பற்றி எழுதுகிறார். 2024-இலிருந்து யு/ஏ என்பதே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பெற்றோர்கள் கேட்பது எண்ணை மட்டுமில்லை. இரத்தமா, சத்தமா, குழந்தைக்கு ஆபத்து வருகிற காட்சியா என்று ஒரு சொல் சேர்த்தால் உதவியாக இருக்கும்.

“லாஜிக் இல்லை” என்ற புகார் பேய்ப்படத்துக்கு வேடிக்கையானது. பேயே வந்துவிட்ட பிறகு என்ன லாஜிக் என்று சிரிக்கலாம், ஆனால் லாஜிக் உண்டு. படம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம் அது. முதல்பாதியில் சுவரைத் துளைத்து வந்த பேய், பிற்பாதியில் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று தட்டினால் அங்கே கேளுங்கள். விபூதிக்கு நடுங்கிய பேய் கடைசிச் சண்டையில் கோயில் பிராகாரத்திலேயே நிற்கிறதா? கேளுங்கள். பேய் ஏன் இத்தனை நாள் காத்திருந்து இப்போது வந்தது? பெரும்பாலான படங்கள் பதில் சொல்லாமல் நழுவும் கேள்வி இதுதான்.

கதையை எவ்வளவு சொல்லலாம்? முதல் அரைமணி நேரம் வரை. அதற்குப் பின் நடப்பதைத் தொடவே கூடாது. “கடைசி ட்விஸ்ட்டை யாரும் எதிர்பார்க்க முடியாது” என்பதும் காட்டிக்கொடுப்பதுதான். படித்தவர் முதல் காட்சியிலிருந்து அதையே தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2012-இல் வந்த ‘பீட்சா’வை எந்த வகைப் படம் என்று சொல்வதிலேயே சிக்கல் இருக்கிறது. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி கவிதை. சென்ற வாரங்களில் வந்தவற்றைச் சேர்த்துப் பிழிந்தால் இப்படி வரும்:

நள்ளிரவு பன்னிரண்டு மணி...
நாய்கள் ஊளையிட...
வெள்ளைச் சேலை மோகினி
இரத்தம் வழியச் சிரித்தாள்!!!

நள்ளிரவு, நாய், வெள்ளைச் சேலை, இரத்தம், சிரிப்பு என்று ஐந்தும் கடையில் வாங்கிய சாமான். மூன்று புள்ளியும் மூன்று ஆச்சரியக்குறியும் சேர்ந்து, இங்கே பயப்படுங்கள் என்று பலகை மாட்டுகின்றன. பலகையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

நம் மொழியில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. புறநானூற்றில் 356-ஆம் பாட்டு சுடுகாட்டைப் பாடுகிறது. களர்நிலம், கள்ளி, ஆந்தை. இரவில் ஆந்தை கூவினால் அது செய்தியில்லை. அந்தப் பாட்டில் ஆந்தை பகலிலும் கூவுகிறது. ஒரே ஓர் ‘உம்’, அத்தனை திகிலும் அதில்தான். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்தில் பெண்பேயைக் காட்டும்போது பயங்கரம் என்று எங்கும் சொல்லவில்லை. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட கணைக்கால் என்று உடம்பைப் பட்டியல் போடுகிறார். பேய்க்காமெடியைச் சினிமாதான் கொண்டுவந்தது என்பவர்கள் கலிங்கத்துப்பரணியைப் புரட்டலாம். அங்கே பேய்கள் கூழ் காய்ச்சுவதற்கு முன் யானைத் தந்தத்தால் பல் துலக்குகின்றன.

நாலுவரியில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மூன்று வரி சாதாரணமாகப் போக வேண்டும், ஒரே ஒரு விவரம் இடம் மாறியிருக்க வேண்டும், அலறலுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு:

பால்காரர் கேட்டார்:
“இன்னிக்கி ரெண்டு பாக்கெட்டா?
அம்மா சொல்லிட்டுப் போனாங்க.”
படத்து மாலை இன்னும் வாடவில்லை.

கடைசி வரியில் ‘அம்மா இறந்து மூன்று நாள்’ என்று எழுதியிருந்தால் அது தகவல். மாலை என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு நொடி வாசகர் தானே கணக்குப் போடுகிறார், பயம் அந்த நொடியில் பிறக்கிறது. காலைநேரம் என்பதையும் பாருங்கள். நள்ளிரவைவிடப் பால்காரர் வரும் நேரம் கொடுமையானது, ஏனென்றால் அப்போது யாரும் தயாராக இருப்பதில்லை.

தமிழ் கையில் கொடுத்திருக்கும் இன்னொரு கருவியை நம் கவிஞர்கள் தொடுவதே இல்லை. அது திணை.

பக்கத்து வீட்டுப் பாட்டி
கதவைத் தட்டினாள்.
திறக்கவில்லை.
திரும்பிப் போனது.

‘தட்டினாள்’ என்று வந்தது ‘போனது’ என்று போகிறது. உயர்திணை அஃறிணையாக மாறிய இடத்தில் ஏதோ நடந்துவிட்டது. பேய் என்ற சொல்லே தேவைப்படவில்லை. நம் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பதால், கடைசிச் சொல்லின் கடைசி எழுத்துவரை விஷயத்தை ஒளித்துவைக்கலாம். ஆனால் இந்த உத்தியை ஒருவர் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அடுத்த வாரமும் செய்தால் வாசகர் நேராகக் கடைசிச் சொல்லுக்குத் தாவிவிடுவார்.

எண்ணும் நன்றாக வேலை செய்யும். மூன்று பேர் இருக்கும் வீட்டில் நான்கு ஈரத்துண்டு. ஏறிய தடம் இல்லாமல் இறங்கிய தடம் மட்டும் உள்ள மாடிப்படி. எண் பிசகினால் வாசகர் திரும்பிப் போய் எண்ணிப் பார்ப்பார், அவரைத் திரும்பிப் போக வைத்தாலே பாதி வெற்றி. ஒரு கவிதையில் ஒரு பிசகுதான் இருக்க வேண்டும். இரண்டு வைத்தால் விடுகதை ஆகிவிடும்.

பேர்களில் கவனம் வேண்டும். பேய், முனி, காட்டேரி, மோகினி, கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாம் எதுகைக்கு ஏற்ப மாற்றிப் போடும் சொற்கள் அல்ல. முனி பல ஊர்களில் எல்லை காக்கும் சாமி, காட்டேரியைக் கும்பிடும் குடும்பங்களும் உண்டு. கொள்ளிவாய்ப் பிசாசு சதுப்பிலும் நீர் தேங்கிய பள்ளத்திலும் தெரியும் தீ. அதைக் கொண்டுபோய் மொட்டைப் பாறையில் உட்காரவைத்தால் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள்.

கடைசியாகத் தங்கள் அலுவலகத்துக்குச் சில வேண்டுகோள்கள். விமர்சனத்துக்கு 150 சொல் போதும். மேலே சின்ன எழுத்தில் எங்கே, எந்தக் காட்சி, எந்த வரிசை, என்ன சான்றிதழ் என்று ஒரு வரி போடுங்கள். வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தோடு பார்த்தவரும் செவ்வாய்க்கிழமை காலை பத்துப் பேரோடு பார்த்தவரும் ஒரே படத்தைப் பார்த்தவர்கள் ஆகமாட்டார்கள். நட்சத்திர மதிப்பெண் வேண்டாம்.

கவிதைக்கு வரிக்கு நான்கு சொல்லுக்கு மேல் ஏற்காதீர்கள். தமிழ்ச் சொல் நீளமானது. செய்தித்தாளின் ஒற்றைப் பத்தி அகலத்தில் ஐந்தாவது சொல் மடிந்து கீழே இறங்கி, கவிஞர் மறைத்து வைத்த சொல் தனியாக ஒரு வரியாகத் தலைகாட்டிவிடுகிறது. சென்ற வாரம் ஒரு நல்ல கவிதை இப்படித்தான் வீணானது. முகத்தில் முடி விரித்த பெண்ணின் படத்தைப் பக்கத்தில் போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள், கண் முதலில் படத்துக்குத்தான் போகும். தலைப்பும் அதே வேலையைச் செய்கிறது. மேலே உள்ள கவிதைக்கு ‘பாட்டியின் ஆவி’ என்று தலைப்பு வைத்தால் நான்காவது வரிக்கு என்ன வேலை? தலைப்பில்லாமல் எண் மட்டும் போட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் ஞாயிறு வாசகர்,
தஞ்சாவூர்