ஐப்பசி மழைக்கு முன்னால் மடையைக் கட்டிவிடுவோம்: நம்ம கண்மாய்க்காக ஒரு வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரில் பிழைக்கும் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகளுக்கும் கண்மாய்க் கமிட்டியின் வணக்கம்.

புரட்டாசி பிறந்தாச்சு. பெரிய மடையின் ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறது. இப்படியே ஐப்பசி மழை இறங்கினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மேலூர்ப் பக்கம் 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் வருவதற்கு முன்பிருந்தே கண்மாய்தான் நமக்குச் சோறு போட்டது. ஷட்டர் எல்லாம் அப்புறம் வந்தது. அன்றைக்குத் தண்ணீர் திறந்துவிடக் கல்லில் கட்டிய குமிழிதான். கண்மாய்க்குள் இரண்டு கல்தூண், அடியில் நீரோடித் துளை, அதற்குக் கீழே சேறோடித் துளை. துளையை அடைத்த கல்லைத் தூக்க ஆள் முங்க வேண்டும். கரை உடையப்போகிற ராத்திரியில் கொந்தளிக்கிற தண்ணீருக்குள் நீர்கட்டி, அதாவது மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள், இறங்கினால், வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பார்களாம். மேலே வராமல் போனவர்களும் உண்டு என்று நம்ம தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்குக் கூலி, அறுப்பு முடிந்ததும் களத்தில் அளக்கிற நெல். கடைமடை வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது அவர்கள் முறை பிசகாமல் பாய்ச்சியதால்தான். அந்தக் குடும்பங்களை ஊர் சரியாக வைத்துக்கொண்டதா என்று கேட்டால் நமக்கே பதில் சங்கடம்தான். அதனால்தான் இந்த முறை அவர்கள் கும்பிடும் மடைக்கருப்பு சாமியின் பீடத்தையும் சேர்த்தே எடுத்துச் செய்கிறோம்.

செலவு: ஷட்டரும் திருகுக்கம்பியும் 1,40,000. நிறைந்த தண்ணீர் வழிந்து போகிற கலிங்குக்குப் பூச்சு 1,15,000. வரத்துக்கால்வாய் தூர்வார ஜேசிபி 60 மணி நேரம், 78,000. கருப்பு பீடமும் மடைக்காவல் கொட்டகையும் 1,52,000. ஆக மொத்தம் 4,85,000 ரூபாய். வந்தது 2,96,500. இன்னும் 1,88,500 வேண்டும்.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்ம பிள்ளைகள் லட்ச ரூபாய் அனுப்பிவிட்டு, கல்வெட்டில் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேலத்தெருப் பெண்கள் நூறுநாள் வேலைச் சம்பளத்தில் ஆளுக்கு ஐந்நூறு என்று 71 பேர் கொடுத்தார்கள். அதில் ஒரு பாட்டிக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. "எருமை தண்ணி குடிக்குதுல்ல" என்றது. கண்மாய்த் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கிற சிலர் இன்னும் போனை எடுக்கவில்லை. பேர் சொல்ல வேண்டாம், அவர்களே படிப்பார்கள்.

பணமாக முடியாதவர்கள் சிமெண்ட் மூட்டை தரலாம், இரண்டு நாள் உடம்பு உழைப்பும் தரலாம். டீக்கடையில் ரசீதுப் புத்தகம் இருக்கிறது, வரவு செலவு சாவடிச் சுவரில் வாராவாரம் ஒட்டுகிறோம். வரும் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கருப்புக்குப் பொங்கல் வைத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிறோம். வருகிறவர்கள் ஆளுக்கொரு மண்வெட்டி கொண்டுவாருங்கள், கமிட்டியிடம் நாலுதான் இருக்கிறது.