கொடியேற்றமும் கூலியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது என்றால் அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எங்கள் சாலை காவியாகிவிடும். தஞ்சாவூர், திருவாரூர் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக நடந்து வருவார்கள். மாதா படம் வைத்த சின்னத் தேரை இழுத்துக்கொண்டு, காலில் துணி சுற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு இளகத்தான் செய்யும். அவர்களுக்கு மோர் கொடுப்பவர்களில் பாதிப் பேர் இந்துக்கள், முஸ்லிம்கள். உங்கள் நாளிதழிலும் செப்டம்பர் 8 வரை படத்துக்குக் குறைவிருக்காது. நான் சொல்ல வந்தது அந்தப் படங்களில் வராத ஒரு விஷயம்.

நான் கீழ்வேளூர் வட்டத்தில் கொஞ்சம் நிலம் வைத்துச் சாகுபடி செய்கிறவள். கத்தோலிக்கக் குடும்பம். கணவர் போனபிறகு நாற்றங்கால் முதல் களம் வரை எல்லாம் என் பொறுப்பு. எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவில், செபமாலை தவறாது, வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது, தவக்காலத்தில் சிலுவைப்பாதைக்கு இடம் கிடைக்காது. எல்லாம் சரி. ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்த பெண்கள் கூலிக்காக எத்தனை சாயங்காலம் யார் வீட்டு வாசலில் நிற்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். உள்ளே அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருப்பார்கள். வெளியே சேறு காயாத காலோடு நாலு பேர் திண்ணையோரம் நிற்பார்கள். செபம் முடியட்டும் என்று அவர்களும் மரியாதையாகக் காத்திருப்பார்கள். முடிந்ததும் வரும் பதில், “திங்கக்கிழமை வாங்கிக்கம்மா.”

பணமுடை இருப்பது உண்மைதான், மறுக்கவில்லை. கடைமடைக்காரர்கள் நாங்கள். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குக் கடைசியில்தான் வரும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களும் உண்டு. ஆனால் டிராக்டர் வாடகையை யாராவது நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? மாட்டோம். அடுத்த தடவை வண்டி வராது. உரக்கடைக்கும் அப்படித்தான். நவநாள் உபயத்துக்கும் திருவிழா வரிக்கும் எப்படியாவது புரட்டிவிடுகிறோம். எப்போதும் காத்திருக்கச் சொல்வது அந்தப் பெண்களை மட்டும்தான்.

என் மாமியார் கையெழுத்துப் போடத் தெரியாதவர். நெல்லாகவே கூலி கொடுத்த காலத்தில் மரக்காலைத் தலைதட்ட விடமாட்டார், கோபுரமாக அளந்து போடச் சொல்வார். கோயிலில் ஆறு மணிக்கு மூவேளை செப மணி அடிப்பதற்குள் கணக்கு முடிந்தாக வேண்டும். அவருக்கு அது ஞானோபதேசத்தின் ஒரு பகுதி. நானும் அப்படியே செய்கிறேன். முதல் நாளே சில்லறை மாற்றி வைத்துவிடுவேன். ஒரு முறை அவசரத்துக்கு ஜிபேயில் அனுப்பட்டுமா என்று கேட்டபோது ஒரு பெண், “வேணாங்க்கா, அது அவர் போனுக்குப் போயிடும், சாயங்காலம் வீட்டுக்கு வராது. கையில குடுங்க” என்றாள். அதிலிருந்து கையில்தான்.

இது ஏதோ என் வீட்டுப் பழக்கமில்லை. கூலிக்காரனுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலி கொடுக்க வேண்டும் என்று விவிலியத்தில் இணைச்சட்டம் 24-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு. அண்ணன் கையால் கொலையான ஆபேலின் இரத்தம் விண்ணை நோக்கிக் கூக்குரலிடுவதைச் சொல்லும் இடத்திலேயே கூலியாளுக்கு இழைக்கும் அநீதியையும் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு சேர்த்திருக்கிறது. 1891-ல் தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதிய திருத்தந்தை 13-ஆம் லியோவும் இதையே சொன்னார். இன்றைய திருத்தந்தை 14-ஆம் லியோ என்ற பெயரை எடுத்ததற்கு அந்த மடலே முக்கியக் காரணம் என்று 2025 மே மாதம் கர்தினால்களிடம் அவரே சொல்லியிருக்கிறார். அவர் தேர்வானபோது எங்கள் ஊரில் வெடி போட்டார்கள். அந்த மடலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை!

எங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு கூலியைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. கீழ்வெண்மணி இங்கேதான் இருக்கிறது. 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளின் இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே நாளில்தான் நாங்கள் கேக் வெட்டுகிறோம். அன்றைய பூசையில் அவர்களுக்காக ஒரு மன்றாட்டாவது சொன்னால் என்ன?

பங்குத்தந்தையர்களிடம் ஒரு வேண்டுகோள். பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்களிடம் பூசை தவறினாயா, பொய் சொன்னாயா என்று கேட்பதோடு, யாருக்காவது கூலி பாக்கி வைத்திருக்கிறாயா என்றும் கேளுங்கள். நாகை, திருவாரூர்ப் பக்கத்தில் இந்த ஒரு கேள்வி போதும், வரிசை மெதுவாகத்தான் நகரும். அன்பியக் கூட்டங்களிலும் இதைப் பேசலாம். நிலம் வைத்திருப்பவர்களும் கூலிக்குப் போகிறவர்களும் ஒரே பாயில் உட்காரும் இடம் எங்கள் ஊரில் அது ஒன்றுதான். சம்பா வேலைகள் தொடங்கப்போகின்றன. திருவிழா முடிந்து வருகிற முதல் கூட்டத்திலேயே எடுத்துக்கொண்டால் இந்தப் பட்டத்துக்கே உதவும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயப் பெண்,
கீழ்வேளூர் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்