பாரம் குறைந்த ஸ்கீ வாங்குவோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பனிக்காலம் தொடங்கிவிட்டால் சுவிஸிலும் நோர்வேயிலும் கனடாவிலும் வளரும் எங்கள் பிள்ளைகள் மலையேறப் புறப்பட்டுவிடுகிறார்கள். முன்பு மலைக்கு ஏற்றிச் செல்லும் லிப்டில் ஏறிச் சறுக்கி இறங்குவதோடு நின்றார்கள். இப்போது பலர் லிப்ட் இல்லாத மலையில் சொந்தக் காலால் ஏறி, ஒருவரும் மிதிக்காத பொடிப்பனியில் இறங்கும் ஸ்கீ ரூருக்குப் பழகியிருக்கிறார்கள். அதற்குப் பணம் கொடுக்கும் பெற்றோரில் பலர் இங்கே யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். உங்கள் பத்திரிகையைக் கைத்தொலைபேசியில் நாள்தோறும் வாசிப்பவர்கள். கடைக்காரர் ஜேர்மன் மொழியிலோ நோர்வே மொழியிலோ சொல்வதில் அவர்களுக்குப் பிடிபடுவது விலையும் பாரமும்தான். "இருக்கிறதுக்குள்ள இதுதான் பாரம் குறைஞ்சது" என்று கேட்டதும் அதையே வாங்கிவிடுகிறார்கள். காலில் பூட்டிச் சறுக்கும் நீண்ட பலகையான ஸ்கீயைப் பாரத்தை மட்டும் பார்த்து வாங்குவது பிழை. ஏன் பிழை, வேறு எதைப் பார்க்கவேண்டும் என்பதைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தோம்.

முதலில் இந்த ஏற்றம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்ற பட்டியை ஒட்டுவார்கள். அதன் மயிர் பின்பக்கம் நோக்கிப் படிந்திருக்கும். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் வழுக்கப் பார்த்தால் பிடிக்கும். குதிக்கால் பூட்டாமல் விடப்பட்டிருக்கும். உச்சியில் ஸ்கின்னை உரித்து மடித்துச் சட்டைக்குள் வைத்து, குதிக்காலைப் பூட்டிக்கொண்டு இறங்குவார்கள். 1,000 மீற்றர் உயரத்தை 12 பாகைச் சரிவான தடத்தில் ஏறினால் நடக்கும் தூரம் ஏறக்குறைய 4,800 மீற்றர். ஓர் எட்டு 60 சென்ரிமீற்றர் என்றால் 8,000 எட்டு, ஒரு காலுக்கு 4,000. அதனால்தான் 100 கிராமுக்கும் அங்கே மதிப்பு உண்டு. ஆனால் நன்றாகப் பழகியவர் ஸ்கீயைத் தூக்கி வைப்பதில்லை, பனிமேல் இழுத்துத்தான் போவார். காலோடு சேர்ந்து ஒவ்வொரு எட்டிலும் உயர்வது சப்பாத்து. ஆகவே ஸ்கீயில் 200 கிராம் குறைப்பதற்கு முன் சப்பாத்தில் 200 கிராம் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

ஒரு காலின் கணக்கை முழுதாகப் போடுங்கள். ஸ்கீ 1,500 கிராம், பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் கருவி) 400, ஸ்கின் 250, சப்பாத்து 1,400. மொத்தம் 3,550 கிராம். 1,500ஐ 1,300 ஆக்க மேலதிகமாகக் கொட்டும் பணத்தில் மிச்சமாவது மொத்தத்தில் ஆறு வீதத்துக்கும் குறைவு. கடைப் பட்டியலில் உள்ள நிறை ஒரு ஸ்கீக்கா சோடிக்கா, எந்த நீளத்துக்கு என்பதையும் கேளுங்கள். 170 சென்ரிமீற்றரின் நிறையை விளம்பரத்தில் போட்டு 184ஐக் கையில் தருவது உண்டு.

பாரத்தைக் குறைக்கும்போது எதை எடுத்துவிடுகிறார்கள்? உள்ளே இருக்கும் மரத்தை மாற்றுகிறார்கள்: ஆஷ், பொப்லர் இருந்த இடத்தில் பவுலோனியா. கண்ணாடி இழைக்குப் பதிலாகக் கார்பன் இழை. இரண்டு அலுமினியக் கலப்புலோகத் தகடு இருந்த இடத்தில் ஒன்று, அல்லது ஒன்றுமே இல்லை. இரும்பு விளிம்பும் அடித்தகடும் மெலிகின்றன. கார்பன் விறைப்பைத் தரும், அதிர்வை விழுங்காது. பொடிப்பனிக்குள் இது குறையாகத் தெரியாது, பனியே மெத்தை. ஆனால் ஓர் இறக்கம் முழுவதும் பொடிப்பனியாக இருப்பது அருமை. மேலே காற்றடித்து இறுகிய ஓடு, நடுவில் பொடிப்பனி, கீழே காட்டுப்பாதையில் பலர் சறுக்கி உறைந்த தடம் என்றுதான் பெரும்பாலும் வரும். அந்த உறைந்த தடத்தில் 1,250 கிராம் ஸ்கீ கடகடவென்று அடிக்கும், நுனி விலகும், களைத்த தொடை அதைத் தாங்காது. நாள் முடிவில், இப்படிப்பட்ட சின்ன இடத்தில்கூட முழங்கால் முறுக்குப்படலாம். பொடிப்பனிக்கென்று 100 முதல் 108 மில்லிமீற்றர் இடையகலம் (ஸ்கீயின் நடுவில் மிக ஒடுங்கிய இடத்தின் அகலம்) கொண்ட ஸ்கீ எடுப்பவருக்கு, 178 சென்ரிமீற்றர் அளவில் ஒன்று 1,450 முதல் 1,650 கிராம் வரை இருப்பதே நல்லது என்பது எங்கள் முடிவு. 1,300க்குக் கீழே போவதை மிக நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு விடுங்கள்.

அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் எங்கள் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இதில்தான். கடலேரிச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் முழங்கால் வரை புதையும். பலகையைப் போட்டு அதன்மேல் நின்றால் புதையாது. பொடிப்பனியும் அதே கணக்கு, ஆளின் நிறை பரப்பால் பிரிபடுகிறது. 60 கிலோ நிறையுள்ளவர், சுமையோடு 68 கிலோ, இடையகலம் 98 மில்லிமீற்றரும் நீளம் 178 சென்ரிமீற்றரும் உள்ள ஸ்கீயில் நின்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 17 கிராம் அழுத்தம். 85 கிலோ நிறையுள்ளவர், சுமையோடு 93 கிலோ, 112 மில்லிமீற்றர் அகலமும் 186 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள ஸ்கீயில் நின்றாலும் 20 கிராம் வரும். அதாவது மெலிந்த பிள்ளை சின்ன ஸ்கீயில் நின்று, பருத்த நண்பர் பெரிய ஸ்கீயில் நிற்பதைவிட நன்றாக மிதக்கும். வீடியோக்களில் 115 மில்லிமீற்றர் ஸ்கீயில் பறப்பவரின் உடம்பைப் பார்த்துவிட்டு உங்கள் மகளுக்கு அளவெடுக்காதீர்கள்.

அகலம் கூடக் கூடக் கெடுவதும் உண்டு. இறுகிய சரிவைக் குறுக்கே கடக்கும்போது விளிம்பு பாதத்தின் நடுவிலிருந்து தள்ளிப் போவதால் கணுக்கால் முறுகும், பிடி குறையும். ஸ்கின்னும் அகலமாகிப் பாரமாகும். இறுகிய பனியில் பிடிப்பதற்காகப் பைண்டிங்கில் செருகும் பனிமுள் தகடும் ஸ்கீயின் அகலத்துக்கு ஏற்ற அளவில் வேண்டும்; 90க்கு வாங்கியது 105க்குச் செருகாது. அதோடு ஊருக்கு ஊர் பனி வேறு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ரோஜர்ஸ் கணவாய்ப் பக்கம், 105 முதல் 112 வரை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. அல்ப்ஸில் தை, மாசியில் பொடிப்பனி, சித்திரையில் காலை இறுகி மதியம் இளகும் பனி. வருடம் முழுக்க ஒரே சோடி என்றால் 92 முதல் 100 போதும். வட நோர்வேயில், எங்கள் முதல் தலைமுறை மீன் தொழிற்சாலைகளில் உழைத்த அந்தக் கரைகளில், கடற்காற்று பனியை இறுக்கிவிடும்; அங்கும் 100க்கு மேல் தேவைப்படுவது குறைவு.

நீளம் ஆளின் உயரத்துக்குக் கிட்ட இருக்கட்டும், ஐந்து சென்ரிமீற்றர் கூடலாம் குறையலாம். செங்குத்தான இடத்தில் ஒரு காலைத் தூக்கித் திருப்பி வைக்கும்போது நீண்ட ஸ்கீயின் வால் பனியில் இடறும். முன்முனை மேல்நோக்கி வளைந்திருப்பது மிதக்க உதவும். ஆனால் இரு முனையும் அதிகம் வளைந்திருந்தால் அந்தப் பகுதி நிலத்தில் படாது, இறுகிய தடத்தில் ஸ்கின் பிடி விட்டுவிடும். வால் தட்டையாக, ஸ்கின் கொக்கி மாட்ட ஒரு வெட்டோடு இருந்தால் நல்லது.

இனிப் பைண்டிங். சப்பாத்தின் முன்னால் இரு பக்கமும் உள்ள குழிகளில் இரண்டு முளைகள் கவ்வும் முறை ஒஸ்திரியாவின் பிரிட்ஸ் பார்தெல் 1980களில் கண்டுபிடித்தது. டைனாஃபிட் நிறுவனத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. இந்தக் குழிகள் இல்லாத சப்பாத்து இதற்குப் பொருந்தாது. லிப்டுக்கு வாங்கிய பழைய சப்பாத்தைக் கொண்டு சமாளிக்க நினைக்காதீர்கள். மிகவும் பாரம் குறைந்த போட்டிப் பைண்டிங்குகள் சிலவற்றில் கழரும் விசையை மாற்றவே முடியாது. விழும்போது காலை விடுவிப்பது அந்த விசைதான். ஆளின் நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், சறுக்கும் திறன் எல்லாவற்றையும் பார்த்துக் கடைக்காரரே அதை வைக்கவேண்டும். நண்பனின் இலக்கத்தைப் பார்த்து வைப்பது கால் முறிவில் முடியும். 350 முதல் 600 கிராமுக்குள், விசையை மாற்றக்கூடிய, கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் பிடிக்கும் தடுப்புக் கம்பியுள்ள பைண்டிங் வாங்குங்கள். தடுப்புக் கம்பி இடையகலத்தைவிட 5 முதல் 10 மில்லிமீற்றர் கூடுதலாக இருக்கவேண்டும்: குறைந்தால் ஸ்கீயில் உரசி இறங்காது, கூடினால் பனியில் இழுபடும்.

பைண்டிங்கைப் பூட்டும் வேலையைத் தச்சுவேலை தெரிந்தவர்கள் உடனே விளங்கிக்கொள்வார்கள். முருக்கங் கட்டையில் திருகாணி இறுக்கிப் பாருங்கள். கை பதமாக இறுகும், இன்னும் ஒரு சுற்று சுற்றினால் மரம் மாவாகி ஆணி சும்மா சுழலும். பவுலோனியாவும் அந்தச் சாதி. அதனால் பைண்டிங் பூட்டும் இடத்தில் வலுவான தகடோ கடினமரமோ வைத்துக் கட்டிய ஸ்கீயா என்று கேட்டு வாங்குங்கள். துறப்பண அலகு, உலோகத் தகடு இல்லாத ஸ்கீக்கு 3.5 மில்லிமீற்றர், உள்ள ஸ்கீக்கு 4.1, ஆழம் இரண்டிலும் 9 மில்லிமீற்றர். துளையில் பசை விட்டே திருகாணி ஏற்றவேண்டும். பசை இல்லாவிட்டால் உருகிய பனிநீர் உள்ளே இறங்கி மரம் ஊறி, இரண்டாம் வருடம் பைண்டிங் துளையோடு பிடுங்கிக்கொண்டு வரும். 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகல ஸ்கீயில் திருகாணிகள் ஒடுக்கமாக நெருங்கி நிற்கும் பைண்டிங் வேண்டாம். நெம்பும் விசை அந்த நாலு துளையிலும் விழும். பழைய சோடி வாங்குவோர் முதலில் எண்ணவேண்டியது துளைகளைத்தான். ஏற்கெனவே இரண்டு தரம் துளைத்திருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து விளிம்பை விரலால் தடவிக்கொண்டு போங்கள், மயிரிழை வெடிப்பு நகத்தில் தட்டும். பக்கவாட்டில் படை பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்கின்னுக்கு, 70 வீதம் மொஹேரும் (ஒருவகை ஆட்டு மயிர்) 30 வீதம் நைலோனும் கலந்தது பெரும்பாலோருக்குச் சரி. தனி நைலோன் நன்றாகப் பிடிக்கும், குறைவாக வழுக்கும். தனி மொஹேர் நன்றாக வழுக்கும், சீக்கிரம் தேயும். வெட்டும்போது இரு பக்கமும் இரும்பு விளிம்பு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தெரிய விடுங்கள். விளிம்பை மூடினால் இறுகிய பனியில் பிடிப்பதற்கு ஒன்றும் இராது. வெயிலில் நனைந்த ஸ்கின் நிழற்பனிக்குள் போனதும் அடியில் கட்டி கட்டியாகப் பனி திரளும், அப்போது 200 கிராம் மிச்சப்படுத்தியதெல்லாம் ஒரு நிமிடத்தில் போய்விடும். ஸ்கின் மெழுகுக் கட்டி ஒன்றைப் பையில் வைத்து அவ்வப்போது தேய்த்தால் தப்பலாம். வீட்டில் ஹீற்றருக்கு மேல் காயவைக்காதீர்கள், பசை இளகிவிடும்.

கடைசியாகச் சொல்வது, நாங்கள் முதலில் சொல்லியிருக்கவேண்டியது. பொடிப்பனி ஸ்கீ ஆளை இழுத்துச் செல்லும் இடம் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவு. இழுக்கும் நாள் புதுப்பனி விழுந்த மறுநாள். பனிச்சரிவும் அதிகம் வருவது அதே இடத்தில், அதே நாளில்தான். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறையும். ஹெலிகொப்டர் அதற்குள் வராது, கூட வந்தவர்கள்தான் எடுக்கவேண்டும். புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும், 457 கிலோஹேர்ட்ஸில் இயங்கும் தேடற்கருவி, 240 சென்ரிமீற்றருக்குக் குறையாத துழாவுகோல், அலுமினிய மண்வெட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 1,200 கிராம். ஸ்கீயில் குறைத்த பாரத்துக்கு ஈடாக இவற்றை வீட்டில் விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்ரிக் மண்வெட்டி வேண்டாம். சரிந்து நின்ற பனி சீமெந்துபோல இறுகிவிடும், அது முறியும். கைத்தொலைபேசியைத் தேடற்கருவியிலிருந்து 20 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50. ஏற்றத்தில் பைண்டிங்கின் முன்முளையைப் பூட்டிவைத்தால் ஸ்கீ கழராது. சந்தேகமான சரிவைக் கடக்கும்போது அந்தக் கழராத ஸ்கீ ஆளைப் பனிக்குள் இழுத்துச் செல்லும் நங்கூரமாகிவிடும் என்பதையும் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும்.

சுவிஸில் டாவோஸ் பனி ஆய்வு நிலையம் பனிக்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அபாய நிலையை 1 முதல் 5 வரையான எண்ணில் வெளியிடுகிறது. நோர்வேயிலும் கனடாவிலும் இதே ஐந்து நிலைதான். 3 என்றால் நடுத்தரம் என்று நினைக்கிறார்கள். உயிரிழப்பு அதிகம் நடப்பது 3இல்தான். இங்கே நல்லூரிலோ பருத்தித்துறையிலோ இருந்து பேரப்பிள்ளையோடு கதைக்கும் அம்மம்மாமார், அப்பம்மாமார்கூட இதைக் கேட்கலாம்: "இண்டைக்கு எத்தினையாம் நிலை? ஆரோட போறாய்? எத்தினை மணிக்குத் திரும்பி வந்து எடுப்பாய்?" அந்த நேரம் கடந்தும் அழைப்பு வராவிட்டால் அங்குள்ள பெற்றோர் சுவிஸில் 1414, நோர்வேயில் 112 இலக்கத்தை அழைக்கவேண்டும்.

இங்ஙனம்,
சுவிஸிலும் நோர்வேயிலும் ஸ்கீ ரூர் பழகி ஊர் திரும்பியோர்,
யாழ்ப்பாணம்.