நினைவு இல்லத்தின் பூட்டைத் திறக்கக் கோரி நான்காவது மனு

பெறுநர்: நினைவு இல்லத்துக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள்

பொருள்: முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் வாழ்ந்த வீட்டை அறிவித்த நேரத்தில் திறந்து வைக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்கள். ஒன்று திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுத்தது. மூன்றுக்கும் ரசீது கைவசம் உள்ளது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தேரடிக்குப் பின்னால், தபால் நிலையச் சந்தில் இருக்கும் அந்த ஓட்டு வீட்டைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். தங்கள் ஜீப் தினமும் போகும் வழிதான்.

1. வாசல் பலகையில் பார்வை நேரம் காலை 10 முதல் மாலை 5 வரை என்று இருக்கிறது. கதவில் பூட்டு இருக்கிறது.

2. சாவி காவலரிடம் என்கிறது அலுவலகம். அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன் என்கிறார் காவலர்.

3. போன மாதம் 82 வயதான என் அம்மாவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். சிறுமியாக இருந்தபோது, தெருவுக்குக் கிணறு கேட்டு மனு கொடுக்கப் போன தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே திண்ணைக்கு வந்தவர் அவர். தலைவர் மனுவை அங்கேயே படித்து, ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதினாராம். கிணறும் வந்தது. அந்த மேசையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. ஒன்றரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தால், நாற்காலியில் காய்ந்துபோன மாலை. கண்ணாடிப் பெட்டியில் அவர் கடிதங்கள், அதன்மேல் நேர் வெயில். மை வெளிறி, மேல் கடிதத்தில் கையெழுத்து மட்டும்தான் மிச்சம். கதவு நிலையில் கறையான் புற்று விரற்கடை உயரம். "மனு கொடுக்க வந்தோம்னு சொல்லிப் பாரேன், திறப்பாங்க" என்றார் அம்மா. என்ன பதில் சொல்வது ஐயா?

4. விருதுநகரில் காமராசர் வீட்டுக்குள் போயிருக்கிறேன். சென்னை திருமலைப் பிள்ளை சாலையில், 1975 அக்டோபர் 2 அன்று அவர் காலமான வீட்டையும், தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். எல்லாம் திறந்துதான் இருந்தன. முதலமைச்சராக இருந்தால்தான் கதவு திறக்குமா? எங்கள் தலைவர் தொகுதியைத் தாண்டாதவர், சரி. அதற்காக அவர் வீடு வீடில்லையா?

5. அவர் பிறந்தநாளன்று மட்டும் திறக்கிறது. மாலை, போட்டோ, கூட்டம் கலைந்ததும் பூட்டு. அன்றைக்கு மட்டும் சாவி எங்கிருந்து வருகிறது?

6. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ன்படி கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு சாவி எங்கே என்று கேட்பதற்கு அந்தச் சட்டம் வரைக்கும் போக வைக்காதீர்கள், தயவுசெய்து.

தாழ்மையுடன் மறுபடியும் கேட்கிறேன்: பலகையில் எழுதிய நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள். தினமும் முடியாதென்றால் வாரம் இரண்டு நாளாவது, எந்த நாள் என்று பலகையில் எழுதி வைத்து. அதுவும் முடியாதா, அம்மாவுக்காக ஒரே ஒரு நாள். முந்தின நாள் சொல்லி அனுப்பினால் 10 மணிக்கே திண்ணையில் இருப்போம். வாசல் படிக்கு ஒரு கைப்பிடியும் தேவை, அதற்குத் தனியாக மனு தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்று ரசீது வைத்திருக்கும் தெருவாசி