நடுவில் இன்னொன்று வைத்தால் வேகம் வந்துவிடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வாசகர் ஒருவர், தன் மொட்டைமாடியிலிருந்து எதிர்க் கட்டடத்துக்கு வைஃபை வழியே கொடுத்த இணைப்பு ஆமை வேகத்தில் ஓடுவதாக எழுதியிருந்தார். "தூரம் அதிகம், நடுவில் ஒரு ரிப்பீட்டர் வையுங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் போட்டிருந்தீர்கள். ரிப்பீட்டர் என்றால் ஒரு பக்கத்துச் சிக்னலை வாங்கி மறு பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும் கருவி. இதே வரியை நம்பி நான்கு மாதம் அவதிப்பட்டவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். நெட்வொர்க் என் தொழில் இல்லை. அலுவலகம் ஒரு பக்கம், கிடங்கு 400 மீட்டர் தள்ளி. இரண்டு மாடியிலும் கம்பம் நட்டு, ஒன்றையொன்று பார்த்தபடி வெளிப்புற ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை அனுப்பி வாங்கும் கருவி, மாட்டியிருந்தார்கள். அலுவலகத்துக்கு வரும் இணைய வேகம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்). கிடங்கிலும் ஒரு வருடம் கிட்டத்தட்ட அதே வேகம். மழைக்காலம் முடிந்தபோது அது 9-க்கு இறங்கியிருந்தது. வந்த டெக்னீஷியன் அண்ணாந்து பார்த்தார், தூரம் என்றார். சற்று ஒதுங்கி நிற்கும் தண்ணீர்த் தொட்டி மேல் மூன்றாவதாக ஒரு கருவியை ரிப்பீட்டராக மாட்டி, மற்ற இரண்டின் முகத்தையும் அதன் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். அதன்பின் 3, 5, சில நேரம் 2. பில் போடும் திரை சுற்றிக்கொண்டே இருக்கும், லாரிக்காரர் வாசலில் நிற்பார்.

தூரம்தான் காரணம் என்றால் ஒரு வருடம் எப்படி ஓடியது? கட்டடம் நகரவில்லையே. அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்த நடுக் கருவிக்கு ஒரே ரேடியோ, அதாவது அலையை அனுப்பி வாங்கும் பகுதி ஒன்றுதான். பேசும்போது கேட்க முடியாது, கேட்கும்போது பேச முடியாது. அலுவலகம் சொன்னதை முழுசாக வாங்கி, அப்புறம் அதே சானலில் (அலைவரிசையில்) கிடங்குக்குச் சொல்ல வேண்டும். ஒரே செய்தி காற்றில் இரண்டு முறை போவதால் வேகம் பாதி. இன்னொன்று சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. போதாததற்கு, முகத்தைத் திருப்பிவிட்டதால் அலுவலகத்தின் பேச்சு கிடங்குக்குக் கேட்காது, கிடங்கின் பேச்சு அலுவலகத்துக்குக் கேட்காது. இரண்டும் ஒரே சமயத்தில் தொட்டியை நோக்கிப் பேசும், இரண்டும் குழம்பும், இரண்டும் மறுபடி அனுப்பும். இரண்டு ரேடியோ உள்ள கருவியாக இருந்தால் வாங்குவது ஒரு சானல், கொடுப்பது வேறு சானல் என்று பிரித்திருக்கலாம்.

கணக்கு உதைத்தால் நாங்கள் மொத்தத்தையே முறைத்துக்கொண்டு உட்கார மாட்டோம், பக்கம் பக்கமாகக் கூட்டிப் பார்ப்போம். கிடங்கில் நின்று போனில் வேகச் சோதனை ஓட்டுவது மொத்தத்தை முறைப்பதுதான். எந்தத் துண்டில் அடி என்று அது சொல்லாது. இரு கணினிகளுக்கு இடையே வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளை அலுவலகக் கணினி ஒன்றிலும் என் லேப்டாப்பிலும் போட்டேன். தொட்டியடிக்குப் போய், நடுக் கருவியில் கேபிளால் லேப்டாப்பைச் சொருகி அளந்தேன். 9.4. மறுபடி அளந்தேன், 9.4. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் 9.4.

அந்த ஆடாத எண்தான் துப்பு. காற்றில் போகும் வேகம் இப்படி அசையாமல் நிற்காது, கொஞ்சமாவது ஏறி இறங்கும். 10 எம்பிபிஎஸ் வயர் போர்ட் (கேபிள் சொருகும் இடம்) நடைமுறையில் தருவதுதான் சுமார் 9.4. நூறு என்றால் 94, கிகாபிட் (ஆயிரம்) என்றால் 940. ஆக, குற்றவாளி வயர்லெஸ் இல்லை, வயர்! கேபிள்களை ஒன்றிணைக்கும் அலுவலக ஸ்விட்சின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், மாடிக்குப் போகும் போர்ட் பத்தில் நிற்கிறது. கம்பத்தில் ஏறியவர் கருவியின் அடிமூடியைக் கழற்றியதும் தண்ணீர் சொட்டியது. மூடிக்குள் ரப்பர் வளையமே போடவில்லை. பிளக்கின் பின்கள் பச்சை பூத்திருந்தன. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் சரியாக இருக்க வேண்டும். தொடர்பு கெட்டால் போர்ட் சத்தமில்லாமல் கீழ் வேகத்துக்கு இறங்கிவிடும், இணைப்பு மட்டும் உயிரோடு இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. முனையை வெட்டிப் புது பிளக் போட்டு, மழைநீர் கேபிள் வழியே கருவிக்குள் போகாமல் கீழே சொட்டும்படி ஒரு வளைவு தொங்கவிட்டு மூடினார்.

தொட்டியடியில் 60-ஐத் தாண்டியது, கிடங்கில் 27. பாதிக் கணக்கு கண்ணெதிரே. நடுக் கருவிக்கு மின்சாரத்தை நிறுத்தி, பழையபடி நேருக்கு நேர் திருப்பச் சொன்னேன். சிக்னல் மைனஸ் 79 டிபிஎம், அது போதாது. (டிபிஎம் சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண் சிறியதாக இருந்தால் பலம் அதிகம்.) "எதிர்க் கம்பம் தெரிகிறதே" என்றார் மேலே இருந்தவர். கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 400 மீட்டர் என்றால், நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி சுமார் 2.3 மீட்டர் ஆரத்துக்கு அலை உப்பியிருக்கும். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். ஒரு வருடத்தில் வளர்ந்த மரத்தின் உச்சி அதற்குள் தலையை நீட்டியிருந்தது. இரு கம்பத்தையும் 2 மீட்டர் உயர்த்தியதும் மைனஸ் 63. சானல் அகலத்தை 80-லிருந்து 40 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்ததில் சிக்னலோடு கலக்கும் வேண்டாத அலைகளின் இரைச்சலும் குறைந்தது. அகலம் கூடினால் வேகம் கூடும் என்று அதைத் தொடவே பயந்திருந்தேன். இப்போது கிடங்கில் 88-க்குக் குறைவதில்லை.

ரிப்பீட்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடையில் மலையோ கட்டடமோ மறைத்தால் அது தேவைப்படலாம். ஆனால் அந்த வாசகர் காசைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குள், வரும் ஞாயிறு இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்: இரு முனையிலும் ஸ்விட்ச் போர்ட் என்ன வேகத்தில் நிற்கிறது என்று முதலில் பார்க்கட்டும், அளக்கும்போது எண் ஆடுகிறதா, நிற்கிறதா என்றும் கவனிக்கட்டும்.

இப்படிக்கு,
கிடங்குக் கணக்காளர் ஒருவர்