ஐந்து புள்ளி

கோரையாற்றங்கரை
ஐப்பசி 28

அன்புள்ள ஜெயா,

உன் இரண்டு கடிதமும் வந்தன. ஆடியிலிருந்து பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் சரி. போனில் பேசியிருக்கலாம்தான். இதைப் பேச ஆரம்பித்தால் பாதியில் குரல் உடைந்துவிடும், நீ அங்கே மதுரையில் நர்சிங் வகுப்புக்கு நடுவில் நின்றுகொண்டு தவிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. எல்லாரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான். பெரியவன் பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி எடுத்திருக்கிறான், நீ சொன்னதால்தான், பிறகு என்னைக் கேட்காதே. குறுவை நல்ல விளைச்சல். ஆனால் அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவைத்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் பதினேழுக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அண்ணன் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு ராத்திரியெல்லாம் அங்கேயே கிடந்தார், அப்படியும் அடிமூட்டை முளைவிட்டுவிட்டது. நம் வேதாரண்யத்தாளுக்குப் பெண் பிறந்திருக்கிறது. ஹாஸ்டலில் சொன்ன பெயரையே வைத்துவிட்டாள், அவளைத் தடுக்க யாராலும் முடியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. ஓ.பி.யில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. ஊரெல்லாம் வயிற்றுப்போக்கு, வாய்க்கால் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாகிவிட்ட நேரம். ஒரு அப்பாயி எட்டு மாதப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அம்மாக்காரி தாளடி நடவுக்குப் போயிருந்தாள். பிள்ளை அப்போது தெளிவாகத்தான் இருந்தான், என் பேனாவைப் பிடித்து இழுத்தான். டாக்டர் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் எழுதினார். நான் பொட்டலங்களை அவள் கையில் வைத்து, "தண்ணில கலந்து அப்பப்ப குடுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நாலே வார்த்தை. பின்னால் அடுத்த சீட்டு நின்றது.

புதன்கிழமை ராத்திரி எனக்கு நைட் டூட்டி. பத்தரை மணிக்கு அதே அப்பாயி, அதே பிள்ளை. கூடவே அம்மாக்காரி, காலில் சேறு காயாமல். பிள்ளை கீச்சென்று ஒரு மாதிரி அழுதான். நீ வகுப்பில் சொல்வாயே, அழுகையைக் கேட்டே பாதி தெரிந்துகொள்ளலாம் என்று, அந்த மாதிரி அழுகை. தொட்டால் துடித்தான். தண்ணீரைக் காட்டினால் ஸ்பூனைக் கடித்துவிடுகிற தாகம். உச்சியில் விளக்கெண்ணெய் வழிய வைத்திருந்தார்கள், ஆனால் உச்சிக்குழி நான் நினைத்த அளவுக்கு அமுங்கவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். நீர் வற்றிய பிள்ளைக்கு மடிப்பாக நிற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் பிசைந்த மாவு மாதிரி கைக்கு வந்தது. அப்போதே எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

"எப்படிங்கம்மா கலந்தீங்க?" என்று கேட்டேன்.

அப்பாயி மடியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காட்டினாள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு முழுப் பொட்டலம். மருந்து கெட்டியாக இருந்தால்தானே பிடிக்கும் என்று நினைத்திருக்கிறாள். இரண்டு நாளில் மூன்று பொட்டலம் உள்ளே போயிருக்கிறது. ஒரு லிட்டருக்கு உரிய உப்பு இருநூறு மில்லியில். அஞ்சு மடங்கு, ஜெயா. தாகத்தில் பிள்ளை அழ அழ, அதையே திரும்பத் திரும்பப் புகட்டியிருக்கிறார்கள்.

டிரிப்ஸ் ஏற்றக் கையில் வென்ஃபிளான் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. மருந்து போட்டு வலிப்பை நிறுத்தி, 108 வண்டியில் நானும் ஏறித் திருவாரூர் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் சோடியம் 166. நூற்று நாற்பத்தைந்தைத் தாண்டினாலே அதிகம். அதை அவசரப்பட்டு இறக்கவும் முடியாது, உப்பேறிப் பழகிய மூளைக்குள் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் வீங்கிவிடும். மணிக்கு அரைப் புள்ளிக்கு மேல் இறங்கக்கூடாது என்று நீ போர்டில் பெரிய எழுத்தில் எழுதிப்போடுவாயே, அதையே இரண்டு நாள் முழுக்கச் செய்தார்கள். ஆறாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது நன்றாக இருக்கிறான், தவழ்கிறான், இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீ கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதறக்கூடாது.

என்னால் மறக்கமுடியாதது வண்டியில் நடந்ததுதான். அப்பாயி என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நீ சொல்லித்தான் இருப்ப தாயி, எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு. நாந்தான் மறந்துட்டேன் போலருக்கு. வயசாயிப்போச்சு."

நீடாமங்கலம் வரும்வரைக்கும் எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் சொன்னேன். "இல்லம்மா. நான் சொல்லல." அவள் என்னைத் திட்டவில்லை. கையையும் எடுக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இருபது வருஷ சர்வீஸ். ஊசி மருந்தின் அளவைக் கணக்குப் போட்டு, இன்னொருவரைக் கூப்பிட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் போடுவேன். பொட்டலத்தை மட்டும் ஒரு நாளும் மருந்தாக நினைத்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்தது என்று எண்ணி வந்திருக்கிறேன்.

நீ பல தடவை சொன்ன கதையை அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 1971-ல் வங்காள எல்லையில், பன்காவ் அகதி முகாமில், டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோன நேரத்தில் டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை உறவுக்காரர்கள் கையில் கொடுத்துப் புகட்டவைத்தார், நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது என்று. நீ அதைச் சொல்லும்போதெல்லாம் "படிக்காத தாயாலும் முடியும்" என்ற இடத்தில் குரலை உயர்த்துவாய். நிஜம்தான். ஆனால் அங்கே டிரம்மில் அளவாகக் கலந்துவைத்தவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். தாய்மார்கள் குவளையில் மொண்டு கொடுத்தார்கள். நாமும் 2004-ல் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து முகாமில் அப்படித்தானே செய்தோம்? நீ தண்ணீர் அளந்து ஊற்ற, நான் பொட்டலம் பிரிக்க, அண்டாவில் மரக்கரண்டியால் கலக்கினோம். அங்கே ஒரு பிள்ளைக்கும் இப்படி ஆகவில்லை. பிறகு கலக்கும் வேலையைப் பொட்டலத்தோடு சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அளக்கும் பாத்திரத்தை யாரும் அனுப்பவில்லை.

"ஒரு லிட்டர்" என்று உறையில் அச்சடித்திருக்கிறது. எங்கள் பக்கம் எந்த வீட்டு அடுப்படியில் லிட்டர் இருக்கிறது? சொம்பு இருக்கிறது, தூக்கு இருக்கிறது, டம்ளர் இருக்கிறது. திரும்பி வந்த வாரமே வார்டில் இருந்த தாய்மார்களிடம் வீட்டில் தண்ணீர் குடிக்கும் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பதினோரு பாத்திரம் வந்தது. அளவு ஜாடியில் ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். சின்ன டம்ளர் 90 மில்லி, பெரிய டம்ளர் 310. சொம்புகளில் ஒன்று முக்கால் லிட்டரைத் தொடவில்லை, இன்னொன்று ஒன்றேகால் பிடித்தது. "அஞ்சு டம்ளர் தண்ணிக்கு ஒரு பொட்டலம்" என்று நாம் பாடமாகச் சொல்வதை இந்தப் பதினொன்றில் மூன்று டம்ளருக்குத்தான் சொல்லலாம்!

அதனால் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனை அவசரம். அவரவர் டம்ளரை ஜாடியில் அளந்து, எத்தனை டம்ளர் ஊற்றினால் ஒரு லிட்டர் வருகிறதோ அத்தனை புள்ளி அந்த டம்ளரின் மேலேயே வைத்துக் கொடுக்கிறேன். ஐந்து புள்ளி இருந்தால் ஐந்து டம்ளர். எண் வாசிக்கத் தெரியாதவளுக்கும் புள்ளி தெரியும், விடிந்தால் வாசலில் வைத்துக்கொண்டுதானே இருக்கிறாள்! கணக்கு முழுசாக வராவிட்டால் தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன். துளி நீர்த்தால் பெரிய கேடில்லை, கெட்டியானால்தான் ஆபத்து.

முதலில் நெயில் பாலிஷில் வைத்தேன். சிவப்பு. நீ சிரிப்பாய் என்று தெரியும், மேட்ரன் அம்மா ஜன்னல் வழியாக வீசினார்களே, அதே சிவப்பு. ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எங்கள் பெண்கள் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கிற தேய்ப்பில் எது நிற்கும்? அப்புறம்தான் பாத்திரக்கடை ஞாபகம் வந்தது. சீர் வரிசைக்குப் பேர் வெட்டுவார்களே, அந்த மெஷின் எழுத்தையே புள்ளி புள்ளியாகத்தானே வெட்டும்! கடைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். எழுத்துக்குத்தான் காசு, புள்ளிக்குக் காசு கிடையாது என்று சொல்லிவிட்டார். இதுவரை நாற்பத்துமூன்று டம்ளர்.

கொடுக்கும்போது இப்போது நான் வாயால் சொல்வதோடு விடுவதில்லை. என் முன்னால் அவளையே கையைக் கழுவி, அவளையே கலக்கச் சொல்கிறேன். நாலு நிமிஷம் ஆகிறது. கியூ முணுமுணுக்கத்தான் செய்கிறது, முணுமுணுக்கட்டும். கலந்ததை மூடிவைத்து ஒரு நாளைக்குள் தீர்க்கவேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவேண்டும், ஒவ்வொரு தடவை போனதும் ரெண்டு வயசுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஐம்பதிலிருந்து நூறு மில்லி, நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன், வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து இன்னும் மெதுவாக. இதையெல்லாம் அவள் என்னிடம் திருப்பிச் சொன்னால்தான் சீட்டில் டிக் போடுகிறேன்.

இரண்டு இடத்தில் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். துத்தநாக மாத்திரை பதினாலு நாள் என்றால், மூன்றாம் நாள் போக்கு நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள். நின்றதற்கு அப்புறமும் எதற்கு என்று கேட்டால், அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு மறுபடி வராமல் காக்கும் என்கிறேன், தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். மற்றது பால். வயிற்றால் போகிறது என்றதும் தாய்ப்பாலை நிறுத்துகிறார்கள், மாந்தம் என்கிறார்கள், தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகிறார்கள். அதே வீட்டில் உப்புப் போட்ட நொய்க்கஞ்சியும் கொடுக்கிறார்கள், அது அருமையான காரியம். அதனால் நான் கஞ்சியில் ஆரம்பித்துப் பாலுக்கு வருகிறேன். அப்பாயிகளைத் தப்பு என்று எடுத்த எடுப்பில் சொன்னால் நம் பேச்சு அன்றோடு முடிந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபம் அடங்கவில்லை. போன வாரம் ஒரு தகப்பன், வெளியூர் வேலையிலிருந்து வந்தவன், மெடிக்கல் ஷாப்பில் வாங்கினேன் என்று அட்டை டப்பாவில் ஒரு பழ பானம் கொண்டுவந்தான். மேலே ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. உள்ளே நம் பொட்டலத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு சர்க்கரை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், அதற்கு மேல் சர்க்கரை குவிந்தால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்காகப் போராடியதில், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அந்த எழுத்தைப் போடக்கூடாது என்று உத்தரவு போட்டது. எங்கள் பக்கக் கடையில் பழைய டப்பா இன்னும் அடுக்கியிருக்கிறது. அந்தத் தகப்பன் பொட்டலம் இலவசம் என்பதால் மட்டமாக இருக்கும் என்று நினைத்து, பிள்ளைக்கு உசத்தியாக வாங்கியிருக்கிறான். அவனை எப்படிக் கோபிப்பது?

உனக்கு இரண்டு வேலை வைத்திருக்கிறேன். உன் பிள்ளைகள் லேபில் அளவு ஜாடியை வைத்துக்கொண்டு கலந்து காட்டி மார்க் வாங்குகிறார்கள், நாமும் அப்படித்தான் வாங்கினோம். அந்த ஜாடியைப் பூட்டிவை. ஆளுக்கொரு டம்ளரை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல். பிறகு, கலக்கத் தெரிந்ததா என்று பார்க்காமல், எதிரில் இருப்பவளைக் கலக்கவைக்கத் தெரிந்ததா என்று பார்த்து மார்க் போடு. இரண்டாவது, தையில் பொங்கலுக்கு நீ வருவதாகச் சொன்னது. வரும்போது நாலு மாணவிகளைக் கூட்டிவா. கிராம நர்ஸ் அக்காவிடம் பேசிவிட்டேன், வீட்டு வீடாகப் போய் டம்ளர் அளக்கவேண்டும். பாத்திரக்கடைக்காரரும் ஒரு நாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்கிறார்.

நேற்றைக்கு முந்தின நாள் புதன்கிழமை, தடுப்பூசி நாள். அந்த அப்பாயி பேரனுக்கு ஒன்பதாம் மாத ஊசிக்கு வந்தாள். ஊசி போட்டதும் அவன் அழுதான், நல்ல தடித்த அழுகை. கேட்டுக்கொண்டே நின்றேன். அப்பாயி முந்தானையைப் பிரித்து அந்த எவர்சில்வர் டம்ளரை என் மேஜைமேல் வைத்தாள். கூடவே இன்னும் மூன்று டம்ளர், பக்கத்து வீட்டு மருமகள்களுடையது.

"இதுங்களுக்கும் புள்ளி வச்சிக் குடு தாயி" என்றாள்.

நாளைக் காலை கடைக்குப் போகவேண்டும். நீ பதில் போடு, தேதியோடு.

உன்,
மல்லி