தம்பி, அந்த ஆபரேஷனைப் பற்றி

அன்புள்ள தம்பி,

போனில் நீ சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டாய். "இனிமே குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்ப்பா, அவ ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு சொல்றா" என்று சொன்ன கையோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அப்பனிடம் பேச மகனுக்குக் கூச்சமாக இருக்கும் விஷயம்தான். ஆனால் எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. கடிதமாக இருந்தால் நீ நிதானமாகப் படிக்கலாம், மருமகளிடமும் கொடுக்கலாம்.

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை பிறந்த பிறகு நம் வீட்டில் ஆபரேஷன் செய்துகொண்டது அம்மா இல்லை, நான்தான். அம்மா இரண்டு பிரசவமும் பட்டுத் தேறியவள். இரண்டாவதில் ரத்தம் நிறையப் போய், எழுந்து நடக்கவே பல நாள் ஆனது. மறுபடியும் அவளை ஒரு ஆபரேஷனுக்குப் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. டாக்டரிடம் கேட்டேன். "ஆணுக்குச் செய்வதுதான் சின்ன வேலை, ஆபத்தும் குறைவு. ஆனால் வந்து கேட்கும் ஆண்கள்தான் குறைவு" என்றார். அப்படித்தான் முடிவானது.

சரி, யார் செய்துகொள்வது என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இனிமேல் குழந்தையே வேண்டாம் என்று இரண்டு பேரும் தீர்மானமாக இருக்கிறீர்களா, இல்லை இப்போதைக்கு வேண்டாம் என்று இருக்கிறீர்களா? சின்னவனுக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. ராத்தூக்கம் இல்லாமல் கண் எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் யாரைக் கேட்டாலும் போதும் சாமி என்றுதான் சொல்வார்கள். அந்தக் களைப்பு தீரும். ஆபரேஷன் அப்படியேதான் இருக்கும். அதனால் இதைத் தனித்தனியாக யோசித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து பேசுங்கள். கேட்கவே நெஞ்சு பதறும் கேள்விகளைக்கூட டாக்டர்கள் கேட்பார்கள்: பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள், நீங்கள் இருவரும் பிரிய நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று. அபசகுனமாகப் பேசுகிறார்களே என்று கோபப்படாதே. அதற்கும் பதில் யோசித்து வைத்திருப்பவர்கள்தான் பின்னால் வருத்தப்படாமல் இருக்கிறார்கள்.

இதில் வயதுக்கும் பங்கு இருக்கிறது. கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை அமெரிக்காவில் பல வருடம் பின்தொடர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 30 வயதுக்குள் செய்துகொண்டவர்களில், 14 வருடத்துக்குள் வருத்தப்பட்டவர்கள் சுமார் 20 சதவீதம். 30 தாண்டிச் செய்துகொண்டவர்களில் சுமார் 6 சதவீதம். மருமகளுக்கு இப்போது 29. அவளுக்கு விவரம் போதாது என்று நான் சொல்லவில்லை, தன் மனது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் நாலு பேர் சொன்னதற்காகவோ, இந்த அலுப்பு ஒழிந்தால் போதும் என்றோ அவள் முடிவெடுத்துவிடக் கூடாது.

ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் அவசரமே இல்லை. கருப்பைக்குள் காப்பர் டி ஒன்று போட்டுக்கொண்டால் பத்து வருடம் வரை தாங்கும். அதே மாதிரி கருப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் சுரக்கும் வளையமும் இருக்கிறது, கையில் தோலுக்கு அடியில் வைக்கும் சின்னக் குச்சியும் இருக்கிறது. சரியாகப் போட்டுக்கொண்டால் ஆபரேஷனுக்குக் கிட்டத்தட்ட ஈடாகவே இவை பலன் தரும். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். மாத்திரையால் அவளுக்குத் தலைவலி என்றாயே, அதற்காக நேராக ஆபரேஷனுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. டாக்டரிடம் இதையும் கேளுங்கள்.

எல்லாம் யோசித்தும் போதும் என்றுதான் படுகிறதா? அப்படியானால் இனி சொல்வது உனக்கு.

அவளுக்குச் செய்தால் வயிற்றுக்குள் போக வேண்டும். தொப்புள் பக்கம் சின்னத் துளை போட்டு, வயிற்றில் காற்றை நிரப்பி, கேமரா விட்டு இரண்டு பக்கக் கருக்குழாயையும் அடைப்பார்கள், அல்லது வெட்டுவார்கள். மயக்க மருந்து வேண்டியிருக்கும். நல்ல கைகளில் இது பாதுகாப்பான ஆபரேஷன்தான், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் குடல், ரத்தக்குழாய் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும் இடம். உள்ளே தங்கிய காற்றால் ஒன்றிரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த நாட்களை அவள் ஓட்ட வேண்டும்.

உனக்குச் செய்தால் விதைப்பையில் தோலுக்கு அடியிலேயே வேலை முடிந்துவிடும். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஒரு ஊசி. கத்தி வைக்காமல், ஒரே ஒரு துளை வழியாகச் செய்யும் முறையை 1974-ல் சீனாவில் லி ஷுன்சியாங் என்ற டாக்டர் உருவாக்கினார். இன்று உலகம் முழுக்க அதுதான் பரவலாக நடக்கிறது. பெரும்பாலும் தையலே கிடையாது.

எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் உன் வயதில் இதை யாராவது எனக்குச் சொல்ல மாட்டார்களா என்று தேடினேன். அந்த இடத்தை மழித்துச் சுத்தம் செய்துவிட்டு மருந்து தடவினார்கள், சில்லென்று இருந்தது. டாக்டர் இரண்டு விரலால் தோலை உருட்டி, உயிரணு போகும் குழாயைத் தேடினார். தொட்டால் கெட்டியான நூல் மாதிரி தட்டுப்படும் அது. பிறகு ஊசி. ஒரு கணம் சுருக்கென்றது, அவ்வளவுதான் அந்த வலி. மரத்த பிறகு கூர்மையாக எதுவும் தெரியவில்லை, ஆனால் குழாயை வெளியே இழுக்கும்போது அடிவயிற்றுக்குள் யாரோ மெதுவாகப் பிடித்து இழுப்பது போல் ஒரு சங்கடம் வந்தது. வயிறு லேசாகப் புரட்டியது. டாக்டர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். குழாயில் சின்னத் துண்டை வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் மூடினார். மறுபக்கமும் அதே மாதிரி. இருபது நிமிடம் ஆகியிருக்கும். சற்று நேரம் படுத்திருந்துவிட்டு நடந்தே வெளியே வந்தேன். அன்று ராத்திரி கனமாக வலித்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அந்த இடமெல்லாம் கருநீலமாகக் கன்றியிருந்தது, பார்க்க பயமாகத்தான் இருந்தது. ஐஸ் ஒத்தடம், இறுக்கமான ஜட்டி, வலி மாத்திரை, இவ்வளவுதான் வைத்தியம். ஒரு வாரத்தில் வேலைக்குப் போய்விட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆபரேஷன் முடிந்த அன்றே பலன் வந்துவிடாது. குழாயை அடைத்த பிறகும் அடைப்புக்கு அப்பால் தேங்கிய தண்ணீர் கொஞ்ச நேரம் வந்துகொண்டுதானே இருக்கும், அந்தக் கதைதான் இதுவும். மூன்று மாதம் வரை ஆணுறையோ வேறு ஏதாவதோ கட்டாயம் வேண்டும். அதற்குப் பிறகு விந்துப் பரிசோதனை. சின்னப் புட்டியில் கொடுக்கச் சொல்வார்கள், வெட்கமாக இருக்கும், போய்க் கொடுத்துவிட வேண்டும். உயிரணு இல்லை என்று ரிப்போர்ட் கையில் வந்த பிறகுதான் நிம்மதி. இந்தப் பரிசோதனையைச் செய்யாமலே விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். அப்புறம் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் வீட்டில் சந்தேகமும் சண்டையும் வருகிறது. தவறு அவளிடம் இருக்காது. கொடுக்காமல் விட்ட அந்தப் புட்டியில்தான் இருக்கும். ரிப்போர்ட் சரியென்று வந்த பிறகு கரு தங்குவது சுமார் 2000 பேரில் ஒருவருக்குத்தான். பெண்களுக்கான ஆபரேஷனில், நான் சொன்ன அதே ஆய்வு 1996-ல் வெளியிட்ட கணக்குப்படி, பத்து வருடத்தில் 1000 பேரில் 18 பேருக்குக் கரு தங்கியிருக்கிறது. அப்படித் தங்குவது கருப்பைக்கு வெளியே குழாயிலேயே வளர்வதும் உண்டு, அது உயிருக்கே ஆபத்து.

நீ வாய் விட்டுக் கேட்காத கேள்வி எனக்குத் தெரியும். ஆண்மை போய்விடுமா? போகாது. விதையில் சுரக்கும் ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதே இல்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. வெட்டுவது உயிரணு போகும் பாதையை மட்டும்தான். வெளியே வரும் திரவத்தில் உயிரணுவின் பங்கு மிகச் சொற்பம், மீதி முழுக்க வேறு சுரப்பிகளில் இருந்து வருவது. அதனால் அளவிலோ பார்வைக்கோ வித்தியாசம் தெரியாது. ஆசையும் குறையாது, பலமும் குறையாது. தொடர்ந்து உற்பத்தியாகும் உயிரணுக்களை உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை மூட்டை தூக்கியிருக்கிறேன், எத்தனை வருடம் ஓடியிருக்கிறேன் என்று நீயே பார்த்து வளர்ந்தவன். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் எதுவும் குறையவில்லை. கரு தங்கிவிடுமோ என்ற பயம் போனதில் அவள் முகமே தெளிந்தது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 100-ல் ஒன்றிரண்டு பேருக்கு ரத்தம் கட்டிக்கொள்ளும், அல்லது சீழ் பிடிக்கும். அதே அளவு பேருக்கு மாதக்கணக்கில் போகாத வலி வருவதும் உண்டு. காய்ச்சல் வந்தாலோ வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே போக வேண்டும். பால்வினை நோய்களிலிருந்து இது காப்பாற்றாது. திரும்பச் சேர்க்கலாமே என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் படுக்காதே. சேர்க்கும் ஆபரேஷன் உண்டுதான். ஆனால் அது கடினமானது, வருடம் ஆக ஆக வாய்ப்பும் குறையும், குழந்தை தங்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. திரும்ப முடியாத ஒன்று என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

மருமகள் விஷயத்தில் இன்னொன்று. இதையெல்லாம் கேட்ட பிறகும், தானே செய்துகொள்கிறேன் என்று அவள் சொல்லலாம். கரு தங்கினால் சுமப்பது அவள் உடம்புதான், அதன் சாவி தன் கையிலேயே இருக்கட்டும் என்று அவள் நினைத்தால் அது நியாயமான நினைப்பு. இப்போது சில டாக்டர்கள் குழாயைக் கட்டுவதற்குப் பதில் முழுதாகவே எடுத்துவிடச் சொல்கிறார்கள். கருப்பைக்கு இரு பக்கமும் இருக்கும் முட்டைப்பையில் வரும் மோசமான புற்றுநோய் பல சமயம் அந்தக் குழாயில்தான் ஆரம்பிக்கிறது என்று தெரியவந்திருப்பதால், எடுத்துவிட்டால் அந்த ஆபத்தும் குறைகிறது. அதற்காக அவள் அதைத் தேர்ந்தெடுத்தால் நீ தடுக்காதே. ஆனால் நீ "நான் செய்துகொள்கிறேன்" என்று ஒருமுறையாவது மனதார அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ வாயே திறக்காமல் இருந்ததால், வேறு வழியில்லாமல் அவள் போய்ப் படுத்ததாக இருக்கக் கூடாது. இதை மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.

யோசித்துவிட்டு உனக்கே வேண்டாம் என்று பட்டாலும் சொல்லிவிடு. பயத்தோடு படுக்கச் சொல்லி நான் உன்னைத் தள்ள மாட்டேன். அப்படியானால் வளையம் போட்டுக்கொண்டு இன்னும் சில வருடம் பொறுத்திருங்கள். நான் உன்னோடு டாக்டரிடம் வர வேண்டும் என்றால் வருகிறேன். வெளியே உட்கார்ந்திருப்பேன், உள்ளே நீங்கள் இருவரும் பேசுங்கள்.

போகும்போது, ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை, ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்பார்கள், மறைக்காமல் சொல். சின்ன வயதில் உனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்ததையும் சொல்லிவிடு, அது அவர்களுக்கு முக்கியம். மனதில் இருக்கும் கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப் போ, அங்கே போனால் பாதி மறந்துவிடும்.

தேதி முடிவானால் முன்னாலேயே சொல். ஒரு வாரத்துக்கு நீ கனம் எதுவும் தூக்கக் கூடாது, பெரியவளோ உன்னைப் பார்த்தவுடன் தூக்கு தூக்கு என்று தாவுகிறவள். அந்த வாரம் அம்மாவும் நானும் வந்து இருந்துகொள்கிறோம், பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
அப்பா